ரேக் பிரீஆம்பில் விளிம்பொலி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் பிரடைகளை முறுக்கியதோடு நிறுத்திக்கொள்வதில்லை. குதிரையின் மேல், ஒவ்வொரு தந்திக்கு அடியிலும் ஒரு பருத்தி நூலைச் செருகி, அதை மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே கேட்பார்கள். ஓரிடத்தில் தந்தி மொட்டையாக ஒலிக்கும். சற்றே நகர்த்தினால் ரீங்காரம் எழுந்து ஒலி விரியும். இன்னும் நகர்த்தினால் அது வெறும் கறகறப்பாகிவிடும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். மின்கிட்டார் வாசிப்பவர்கள் ‘எட்ஜ் ஆஃப் பிரேக்கப்’ என்று சொல்லும் ஒலியும் அப்படி மயிரிழையில் நிற்கும் ஒன்றுதான். மென்மையாக மீட்டினால் மணிபோலத் தெளிவாகவும், அழுத்தி மீட்டினால் ஓரங்களில் சற்றே கரகரத்தும் ஒலிக்கும் அந்த நிலையை இக்கட்டுரையில் சுருக்கமாக விளிம்பொலி என்று குறிப்பிடுகிறேன்.

இந்த ஒலியைத் தேடும் புதியவர்கள் அநேகமாக எல்லோரும் கெயின் குமிழில்தான், அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை முடிவு செய்யும் குமிழில்தான், முதலில் கை வைக்கிறார்கள். கெயின் கடைசியாகத் தொட வேண்டியவற்றுள் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. ரேக் பிரீஆம்ப், அதாவது ரேக் எனும் அடுக்குச் சட்டத்தில் பொருத்தும் பிரீஆம்ப், கிட்டாரின் சிக்னலைப் பெருக்கும் முழுமையான ஆம்ப் அன்று. அது ஆம்பின் முன்பாதி மட்டுமே. பின்பாதியாகிய பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் சரியாக அமையாதவரை, முன்பாதியில் நாம் கேட்டு முடிவு செய்யும் எதுவும் நம்பத்தக்கதல்ல. ஆகவே வேலையை ஸ்பீக்கரில் தொடங்கி, கிட்டாரை நோக்கிப் பின்னோக்கி வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

கருவியைப் பற்றிச் சில சொற்கள்

ரேக் கருவிகள் 19 அங்குல அகலம் கொண்டவை. உயரத்தை ‘யு’ என்ற அலகால் அளக்கிறார்கள், ஒரு யு என்பது 1.75 அங்குலம். 1987இல் வந்த ஏடிஏ எம்பி-1, 1991இல் வந்த மெசா பூகி ட்ரையாக்ஸிஸ், 1992இல் வந்த மார்ஷல் ஜேஎம்பி-1 ஆகியவை இந்த வகையில் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கும் பெயர்கள். மூன்றிலும் 12ஏஎக்ஸ்7 எனப்படும் வால்வுகள் உண்டு. ஐரோப்பியர் இதே வால்வை ஈசிசி83 என்பார்கள். எம்பி-1இலும் ஜேஎம்பி-1இலும் இரண்டிரண்டு, ட்ரையாக்ஸிஸில் ஐந்து. இவை பலத்த டிஸ்டார்ஷனுக்காகவே (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவதற்காகவே) பெயர் பெற்றவை என்பதால் விளிம்பொலிக்குப் பொருந்தாதவை என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. இந்தக் கருவிகளில் குமிழ்களை வைத்த அளவு எண்ணாகவே கருவியின் நினைவில் நிற்பதால், ஒருமுறை கண்டுபிடித்த விளிம்பை மறுநாளும் அப்படியே திரும்பப் பெற முடியும்; குமிழை மட்டும் நம்பும் பழைய ஆம்புகளில் இது எளிதன்று.

விளிம்பில் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. வால்வுக்குள் போகும் சிக்னல் ஓரளவுக்கு மேல் பெருகினால், அலையின் முகடு முழுமையாக எழ இடமின்றித் தட்டையாகிறது. 12ஏஎக்ஸ்7 போன்ற வால்வில் அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே மாதிரி தட்டையாவதில்லை. ஒரு பக்கம் முதலில் மழுங்குகிறது. அதனால் மூல ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும் கலந்து ஒலிக்கிறது. காதுக்கு அது பழுதாகப் படாமல் ஒரு செழிப்பாகப் படுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மின்சாரத்தை முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவி 120 வோல்ட்டுக்கும், ஜப்பானியச் சந்தைக்குச் செய்தது 100 வோல்ட்டுக்கும் உரியது. இங்கே பழைய பொருளாக விற்பனைக்கு வரும் ரேக் கருவிகளில் இவை இரண்டும் கலந்தே வருகின்றன. பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்காமல், வெறும் பிளக் மாற்றியை மாட்டிச் சுவரில் செருகிவிடாதீர்கள். பிளக் மாற்றி வோல்ட்டை மாற்றாது. தேவைப்பட்டால் இறக்கு மின்மாற்றி ஒன்று வாங்க வேண்டும். மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம். வால்வுக் கருவியின் மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே உயர் மின்னழுத்தம் இருக்கக்கூடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.

முதல் படி: பின்பாதியை அமைத்தல்

இந்தப் படியில் நான் செய்த தவறு எனக்கு மூன்று வாரங்களைப் பறித்தது. முதன்முதலில் ரேக் பிரீஆம்ப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, என்னிடமிருந்த சிறிய காம்போ ஆம்பின் (பிரீஆம்பும் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அமைந்தது) முன்பக்கத்து உள்ளீட்டில், கிட்டார் செருகும் அதே துளையில், அதைச் செருகினேன். எந்த அளவில் வைத்தாலும் ஒலி தகரத்தைத் தேய்ப்பதுபோல இருந்தது. கெயினைக் குறைத்தேன், ட்ரெபிளைக் குறைத்தேன், வால்வு கெட்டுவிட்டதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். உண்மையில் பிரீஆம்ப் நன்றாகவே இருந்தது; காம்போவின் சொந்த பிரீஆம்பும் அதன் மேல் ஏறி நின்று ஒலியை இரண்டாம் முறை வடிவமைத்துக்கொண்டிருந்தது. கேபிளை எடுத்து, அதே ஆம்பின் பின்புறத்தில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதியிருந்த துளைக்கு மாற்றிய மாலையில்தான் அந்தக் கருவியின் குரலை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஆகவே உங்களிடம் காம்போ ஆம்ப் இருந்தால், எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் துளையைப் பயன்படுத்துங்கள். அதன் வழியாகச் செல்லும் சிக்னல் காம்போவின் பிரீஆம்பைத் தவிர்த்துவிட்டுப் பவர் ஆம்பை நேரடியாக அடைகிறது. அப்போது காம்போவின் முன்பக்கக் குமிழ்களில் பல வேலை செய்யாது என்பதால், ஒலியளவைப் பிரீஆம்பின் வெளியீட்டுக் குமிழிலேயே கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். அதை முழுவதும் இறக்கி வைத்துவிட்டு ஆம்பை இயக்கி, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

தனிப் பவர் ஆம்பும் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல் கணினி வழியாகவோ ஹெட்ஃபோன் வழியாகவோ கேட்பவர்கள், கிட்டார் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் போலியாக்கம் ஒன்றை இடையில் வைத்தே ஆக வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் இயல்பாகவே மேல்சுருதி ஒலிகளை விழுங்கிவிடுபவை. செலஸ்டியனின் விண்டேஜ் 30 என்ற பரவலான ஸ்பீக்கரின் ஒலி எல்லையை அதன் தயாரிப்பாளர்களே 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை என்று குறிக்கிறார்கள். ஹெட்ஃபோனோ அதற்கு மேலும் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும். வால்வு உடையும்போது பிறக்கும் கூர்மையான மேற்சுரங்களை ஸ்பீக்கர் வடிகட்டாவிட்டால், தேனீக்கூட்டம் மொய்ப்பதுபோன்ற ஒலிதான் மிஞ்சும். பிரீஆம்பிலேயே போலியாக்க வெளியீடு இருந்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும். இல்லையேல் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் எனப்படும் ஒலிப்பதிவுக் கோப்பைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேலை முடியும்வரை அதை மாற்றாமல் இருங்கள். கோப்புகளை மாற்றிக்கொண்டே போனால் கெயினைப் பற்றி ஒருநாளும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

இரண்டாம் படி: ஒலிவழியைத் தேர்ந்தெடுத்தல்

பலத்த டிஸ்டார்ஷனுக்கான ஒலிவழியில் (சேனலில்) கெயினைக் குறைத்து விளிம்பொலியைப் பெறலாமே என்று தோன்றும். பெறலாம்தான், ஆனால் அந்த ஒலிவழியில் அடுத்தடுத்துப் பல பெருக்கு நிலைகள் சங்கிலியாக இணைந்திருப்பதால், ஒலி இறுகியும் சற்று மங்கியும் வரும். விளிம்பொலிக்கு ஒரே ஒரு நிலை லேசாக உடைந்தால் போதும். எனவே மென்மையான ஒலிவழியை எடுத்து, அதன் கெயினை மேலே ஏற்றி வருவதே நல்ல வழி. எம்பி-1இல் சாலிட் ஸ்டேட் கிளீன், டியூப் கிளீன், டியூப் டிஸ்டார்ஷன் என்று மூன்று உண்டு. டியூப் என்பது வால்வுதான். இவற்றுள் நடுவில் உள்ள டியூப் கிளீனில் தொடங்குங்கள். ஜேஎம்பி-1இல் இரண்டு கிளீன் வழிகளும் இரண்டு ஓவர்டிரைவ் வழிகளும் உள்ளன. முதலாம் ஓவர்டிரைவில், 20 வரை போகும் கெயினை 5க்கு அருகில் வைத்துத் தொடங்கலாம். இது தொடக்க இடம் மட்டுமே. உங்கள் கிட்டாரின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகத்தைப் பொறுத்து மேலோ கீழோ போகும்.

மூன்றாம் படி: தட்டையான டோனும் குறைந்த பாஸும்

டோன் குமிழ்கள் அனைத்தையும் நடுவில் வையுங்கள். பாஸை மட்டும் நடுவிலிருந்து சற்றுக் கீழே இறக்குங்கள். கீழ்த்தந்திகளின் சிக்னல் பருமனானது என்பதால் முதலில் உடைவது அதுவே. மேல்தந்திகள் இன்னும் தெளிவாக இருக்கும்போதே கீழே சேறு கலங்கியதுபோல ஆகிவிடும். ரெவெர்ப், டிலே, நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் அமைப்பு) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். குறிப்பாக நாய்ஸ் கேட் இந்த ஒலிக்கு எதிரி. விளிம்பொலியின் அழகில் பாதி, ஸ்வரம் கரகரப்பிலிருந்து தெளிவுக்கு மெல்ல இறங்கி அடங்கும் அந்த வாலில் இருக்கிறது. கேட் அந்த வாலைத்தான் முதலில் நறுக்கும்.

நான்காம் படி: கையை அளவுகோலாக்கிக் கெயினை வைத்தல்

இப்போதுதான் கெயின். கிட்டாரின் வால்யூம் குமிழை 10இல் வைத்துக்கொண்டு, திறந்த ஏ மேஜர் கார்டு ஒன்றை மட்டும் பிடியுங்கள். அதை மூன்று விதமாக மீட்ட வேண்டும்: கட்டைவிரலின் சதையால் தடவுவதுபோல ஒருமுறை, பிக் கொண்டு பேச்சுநடைபோல இயல்பாக ஒருமுறை, அதே பிக்கால் மேடையில் வாசிக்கும் உற்சாகத்தோடு ஓங்கி ஒருமுறை. பாட்டு எதையும் வாசிக்க வேண்டாம். பாட்டு வந்துவிட்டால் காது ராகத்தின் பின்னால் போய்விடும், ஒலியைக் கவனிக்காது.

கெயினைச் சுழியத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் மூன்று மீட்டலும் தெளிவாக இருக்கும். பிறகு ஓங்கி மீட்டுவதில் மட்டும் ஒரு கரகரப்பு தொடங்கும். கச்சேரியில் பாடகர் மேல் பஞ்சமத்தைத் தொடும்போது குரலில் சில சமயம் வருமே, அதுபோன்ற ஒன்று. இன்னும் ஏற்றினால் இயல்பான மீட்டலிலும் அது எட்டிப்பார்க்கும். கட்டைவிரல் மீட்டலிலும் கரகரப்பு வந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டீர்கள். அங்கிருந்து திரும்பி, இயல்பான மீட்டலின் தொடக்கக் கணத்தில் மட்டும் கரகரப்புத் தெரிந்து உடனே தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். கூர்ந்து கேட்டால், நான்காம் தந்தியிலும் மூன்றாம் தந்தியிலும் பிக் பட்ட முதல் நொடியில் ஒரு பொறி தட்டுவதும், பிறகு ஸ்வரம் நீருக்குள் இறங்குவதுபோல அமைதியாவதும் கேட்கும். நாம் தேடிய இடம் அதுதான்.

இந்தப் படியில் காது நம்மை ஏமாற்றும் ஒரு வழியைச் சொல்லியாக வேண்டும். கெயினை ஏற்றும்போது ஒலியளவும் சேர்ந்து ஏறுகிறது. ஒலியளவு கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். எனவே கெயினை ஒரு படி ஏற்றும்போதெல்லாம் வெளியீட்டு வால்யூமை அதற்கேற்ப இறக்கி, இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி செய்த பிறகே ஒப்பிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால்தான் பலருடைய விளிம்பொலி ஒரு வாரத்துக்குள் முழு டிஸ்டார்ஷனாக வளர்ந்துவிடுகிறது.

எவ்வளவு முயன்றாலும் ஓங்கிய மீட்டலுக்கும் மெல்லிய மீட்டலுக்கும் வேறுபாடு தெரியவில்லையானால், பிக்கப்பின் உயரத்தைப் பாருங்கள். தந்திக்கு மிக அருகில் இருக்கும் பிக்கப், மெல்லத் தொட்டாலும் பலத்த சிக்னலையே அனுப்பும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப்புகளில் இது மிகுதி. பாஸ் பக்கத்துத் திருகை அரைச்சுற்று இறக்கி மீண்டும் கேளுங்கள். தேவையானால் இன்னுமோர் அரைச்சுற்று. நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் பெடலைவிட இந்தத் திருகு அதிகம் செய்யும் என்பதைப் பல கிட்டார்களில் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: மீதியைக் கிட்டாரின் வால்யூம் குமிழிடம் விடுதல்

பிரீஆம்பில் 128 நினைவுகள் இருந்தாலும் ஓரிடத்தில் வாசிக்க இந்த ஒலிக்கு ஒரே ஒரு நினைவு போதும். கிட்டாரின் வால்யூம் 10இல் இருக்கும்போது தனிவாசிப்புக்கு வேண்டிய கரகரப்பும், 7இல் பாடகருக்குப் பின்னால் நிற்கும் தாளவாசிப்பும், 5இல் முழுத் தெளிவும் கிடைக்க வேண்டும். நான்காம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இவை பெரும்பாலும் தாமாகவே அமைந்துவிடும்.

அப்படி அமையும்போது ஒரு குறை தலைகாட்டும்: வால்யூமைக் குறைத்தால் ஒலி மங்கலாகிறது. கேபிளின் மின்தேக்கமும் குமிழின் மின்தடையும் சேர்ந்து மேல்சுருதிகளைத் தின்றுவிடுவதே காரணம். கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு இழப்பு. கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு 3 மீட்டரே தாராளம், 6 மீட்டர் தேவையில்லை. அதுவும் போதாவிட்டால், கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து வால்யூம் குமிழில் ட்ரெபிள் பிளீட் எனப்படும் சிறு மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்துக்கொள்ளலாம். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் வட்டாரத்துக் கிட்டார் கடைகளில் கேட்டால் இது அவர்களுக்குப் பழக்கமான வேலையாக இருக்கும்.

பெடல் ஒன்றை முன்னால் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலில் டிரைவை அடியோடு குறைத்து, லெவலை ஏற்றி வைத்தால், அது பாஸைக் கொஞ்சம் வெட்டி, சுமார் 720 ஹெர்ட்ஸ் சுற்றிய நடுச்சுருதியைத் தூக்கிக் கொடுத்து, பிரீஆம்பின் வால்வை முன்னே தள்ளும். தனிவாசிப்பு வரும்போது மட்டும் அதை மிதித்தால் போதும். பெடல் இல்லாமலே விளிம்பைக் கண்டுபிடித்த பிறகு இதைச் செய்யுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலும் ஜாமிங் ஸ்டூடியோவிலும்

அடுக்குமாடியில் வாழும் நமக்கு ரேக் பிரீஆம்ப் தரும் பெரிய நன்மை, உடைவு முன்பாதியிலேயே நிகழ்ந்துவிடுவது. பழைய வால்வு ஆம்பில் பவர் ஆம்ப் உடைய வேண்டுமானால் புளோக் முழுவதும் கேட்கும் அளவுக்குச் சத்தம் வைக்க வேண்டும். இங்கே இரவு பத்து மணிக்குப் பிறகும் ஹெட்ஃபோனில் அதே கெயினோடு வாசிக்கலாம்.

ஆனால் வீட்டில் வைத்த அளவை அப்படியே வாடகை ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றால் ஏமாற்றமே கிடைக்கும். குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்குக் கீழ்ச்சுருதிகளும் மிக மேலான சுருதிகளும் குறைவாகவே கேட்கின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள். வீட்டில் அந்தக் குறையை ஈடுசெய்ய நாம் அறியாமலே பாஸை ஏற்றிவிடுகிறோம். ஸ்டூடியோவில் டிரம்ஸுக்கு ஈடாக ஆம்பை ஏற்றியதும், அந்தப் பாஸ் முழுவதும் பேஸ் கிட்டாரோடு மோதுகிறது. மேலும் சத்தம் கூடும்போது ஸ்பீக்கரும் பவர் ஆம்பும் தம் பங்குக்கு ஒலியை அழுத்துவதால், அதே கெயின் கூடுதலாகத் தோன்றும். எனவே நினைவில் இரண்டு அளவுகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று பாஸும் கெயினும் சற்றுக் குறைத்த ஸ்டூடியோ அளவு. ஸ்டூடியோவில் முதல் பத்து நிமிடங்களை அந்த மூன்று மீட்டல்களுக்காக ஒதுக்குவதில் தயக்கம் வேண்டாம். நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்ற கூச்சத்தில் அதைத் தவிர்த்துவிட்டால், மீதமுள்ள நேரம் முழுவதும் வாசிப்பும் கூச்சத்தோடுதான் வரும்.

பராமரிப்பில் மூன்று விஷயங்கள். வால்வுகள் சூடேறுபவை, ரேக் பெட்டியில் பிரீஆம்புக்கு மேலே ஒரு யு இடத்தை வெறுமையாக விடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் ஜாக்குகளும் குமிழ்களும் விரைவில் மங்கிக் கரகரக்கும். விளிம்பொலியை அந்தக் கரகரப்போடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கான்டாக்ட் கிளீனர் கொண்டு அவ்வப்போது துடைத்து வாருங்கள். மூன்றாவது, பழைய ரேக் கருவிகள் பலவற்றில் நினைவுகளைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறிய லித்தியம் மின்கலம்தான். அது என்றாவது ஒருநாள் முன்னறிவிப்பின்றித் தீர்ந்துபோகும். அதோடு நினைவில் வைத்திருந்த அளவுகளும் போய்விடும். கெயின், பாஸ், மிட், ட்ரெபிள், பிரசென்ஸ், வால்யூம் ஆகிய எண்களை, எந்தக் கிட்டார், எந்தப் பிக்கப், எந்த ஸ்பீக்கர் என்ற குறிப்போடு ஒரு தாளில் எழுதி, ரேக் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.